பாதித் தங்கமும் ஒரு நடுகல்லும்

போன மாசம் முழுக்க ராத்திரியானா நான் ‘டிராகன் குவெஸ்ட் 11’தான். இந்த வரிசையின் முதல் கேம் 1986 மே மாதம் ஜப்பானில் வந்தது. யூஜி ஹோரி என்பவர் அமெரிக்காவின் ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ கேம்களைப் பார்த்து, எல்லாரும் ஆடுற மாதிரி அதை எளிமையாக்கினார். சண்டை போடு, புள்ளி சேர், லெவல் ஏறு. அந்த முதல் கேமில் செத்துப்போனா ராஜா முன்னாடி எழுந்திருப்போம். கையில் இருந்த தங்கத்தில் பாதி போகும், அவ்ளோதான்.

அந்த நினைப்போடதான் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். அங்கே வரிசையா நடுகற்கள். இந்த வட்டாரத்துல பல்லவர் காலத்துலேர்ந்தே வட்டெழுத்து பொறிச்ச கற்கள் கிடைக்குது. முதலில் மன்னரின் பெயரும் ஆட்சியாண்டும் வரும். செத்தவன் பெயர் கடைசியில்தான். ஆனா கல்லில் வில்லோடு நிற்கிறது அவன்தான், மன்னர் இல்லை.

பல சண்டைகள் ‘தொறு’வுக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக. மீட்கப் போய் செத்தவனுக்கும் கல் நட்டாங்க, கவரப் போய் செத்தவனுக்கும் நட்டாங்க. என்னை உலுக்கினது அதுதான். கேமில் எதிராளி வெறும் புள்ளி. இங்கே அவனுக்கும் ஒரு ஊர், அழ ஆள், பெயர் எல்லாம் இருந்திருக்கு.

கேமை விட்டுட்டேனா? இல்லை. வேலை முடிஞ்சு வந்தா அந்த இசை இன்னமும் இழுக்குது. ஆனா லெவலுக்காக நூறாவது ஸ்லைமை வெட்டும்போது கை கொஞ்சம் தயங்குது. இதுக்கு யாரு கல் நடுவாங்க?