"ஸ்கேன் நார்மல் டாக்டர், அப்ப ஒண்ணும் இல்லைல்ல?"

தலையில் அடிபட்டு வர்ற பலரும் என்கிட்ட கேட்கிற கேள்வி இது. இதுக்கு ஒரு கார் ரேஸ் வீரரோட கதையைப் பதிலாச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

அமெரிக்காவில் நாஸ்கார்னு ஒரு ஸ்டாக் கார் பந்தயம் ரொம்பப் பிரபலம். கார் பார்க்க ரோட்டில் போற கார் மாதிரி இருக்கும். ஆனா பெரிய டிராக்குகளில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும்.

அதில் 7 முறை சாம்பியன் ஆனவர் டேல் எர்ன்ஹார்ட். மகனுக்கும் அதே பேர்தான். அவரை டேல் ஜூனியர்னு கூப்பிடுவாங்க.

2001 பிப்ரவரி 18. டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசி லேப். ஜூனியர் 2வது இடத்தில், அப்பா அவருக்குப் பின்னால் 3வது இடத்தில். அப்பாவின் கார் சுவரில் மோதியது. ஜூனியர் 2வதாகப் பந்தயத்தை முடித்தார். அப்பா உயிரோடு வீடு திரும்பவில்லை.

மரணத்துக்குக் காரணம், மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிவு. சீட் பெல்ட் உடம்பைப் பிடிச்சுக்கும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. கார் சட்டுனு நிற்கும்போது தலை மட்டும் முன்னால் பாயும். அந்த விசையில் எலும்பு உடையும்.

ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்து இதைத் தடுக்கும் 'ஹான்ஸ்' கருவியை ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியர் 1980களிலேயே உருவாக்கிவிட்டார். ஆனா தலை-கழுத்துப் பாதுகாப்புக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது 2001 அக்டோபரில்தான்.

மகன் கதைக்கு வருவோம்.

அப்பா இறந்த அதே டிராக்கில், அதே வருஷம் ஜூலையில் ஜூனியர் ஜெயித்தார். 2004, 2014ல் டேட்டோனா 500 பட்டமும் அவருக்குத்தான். மொத்தம் 26 வெற்றிகள். தொடர்ந்து 15 வருஷம் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர்.

ஆனா உள்ளுக்குள்ள வேற ஒண்ணு நடந்துட்டு இருந்தது.

2012 ஆகஸ்டில் கான்சாஸில் ஒரு சோதனை ஓட்டத்தில் சுவரில் மோதினார். மூளை அதிர்வு, அதாவது கன்கஷன். யாருக்கும் சொல்லாம தொடர்ந்து ஓட்டினார். அக்டோபரில் டலடேகாவில் மறுபடி அடி. அப்பதான் தானே டாக்டரைப் பார்க்கப் போனார். 2 பந்தயங்களில் ஓட்ட முடியவில்லை.

2016ல் மிச்சிகனில் இன்னொரு மோதல். சில வாரம் கழித்துக் குமட்டல், தள்ளாட்டம், பார்வை ஓரிடத்தில் நிலைக்காத சிரமம். அந்த சீசனில் மிச்சமிருந்த 18 பந்தயங்களும் போச்சு. தன் அறிகுறிகளைப் பல காலமா போனில் ரகசியமா குறிச்சு வெச்சிருந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாச் சொன்னார்.

கன்கஷனில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குது. நரம்பு செல்களின் வேலை குழம்புது. ஆனா ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லைன்னா சிடி ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாவே இருக்கும். 'ஸ்கேன் நார்மல்'னா ஆபரேஷன் தேவைப்படுற ஆபத்து இப்போதைக்குத் தெரியலைன்னு அர்த்தம். மூளை முழுசா தேறிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. தேறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா பாதிப்பு பல மடங்கு.

பிட்ஸ்பர்க்கில் மிக்கி காலின்ஸ் என்ற நிபுணர் ஜூனியருக்குச் சிகிச்சை கொடுத்தார். இருட்டு அறையில் படுத்தே கிடக்கச் சொல்லலை. கண்ணுக்கும் உடல் சமநிலைக்கும் தினசரிப் பயிற்சிகள் கொடுத்தார். மாசக்கணக்கில் போராடித் தேறினார். 2017 முழுக்க ஓட்டிட்டு, 43 வயதில் முழுநேரப் பந்தயத்துக்கு விடை கொடுத்தார். இறந்த பிறகு தன் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாகவும் அறிவித்திருக்கிறார்.

அப்பாவைக் காப்பாத்தியிருக்கக்கூடிய கருவி தாமதமா வந்தது. மகனைக் காப்பாத்தியது, "எனக்கு முடியலை"ன்னு வாயைத் திறந்து சொன்னதுதான்.

உங்க பிள்ளை விளையாடும்போதோ, நீங்க பைக்கில் விழுந்தோ தலையில் அடிபட்டா:

- அன்னைக்கே மறுபடி விளையாட அனுப்பாதீங்க.
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, கை கால் பலவீனம் இருந்தா உடனே அவசர சிகிச்சைக்குப் போங்க.
- ஸ்கேன் நார்மலா இருந்தும் தலைசுற்றல், மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு தொடர்ந்தா மறுபடி டாக்டரைப் பாருங்க.

மணிக்கு 300ல் கார் ஓட்டினவரே டாக்டர்கிட்ட போனார். நீங்க போறதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.