வசூல் இல்லாத ஆட்டத்துக்குப் படியளப்பது யார்?

லக்ரோஸ், வலைப்பை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து கல்லூரிகளுக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் பணம் கொட்டுவது அவர்களுடைய காற்பந்தும் கூடைப்பந்தும்தான். லக்ரோஸ் பெரும்பாலும் செலவுக் கணக்கு.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சங்கம், முதல் பிரிவு ஆண்கள் அணி ஒன்றுக்கு 12.6 முழு உபகாரச் சம்பளம்தான் என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. அணியிலோ நாற்பதுக்கும் மேற்பட்டோர். ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்கு அரைப் பங்கு. மீதிக் கட்டணம் பெற்றோர் தலையில். வசதி படைத்தோர் வீட்டு ஆட்டம் என்ற பெயர் வந்ததில் வியப்பென்ன?

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த ஆட்டம் 1883இல் தொடங்கியது. அது மற்ற ஆட்டங்களை உபகாரச் சம்பளமே இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடியது. லக்ரோஸை மட்டும் முதல் பிரிவில் வைத்திருந்தது. இத்தகைய கல்லூரிகள் உபகாரச் சம்பளம் தருவதைத் தடுக்கும் யோசனை 2004 ஜனவரியில் என்சிஏஏ மாநாட்டுக்கு வந்தது. சம்பளம் போனால் நல்ல ஆட்டக்காரர் வரமாட்டார். அவர் வராவிட்டால் நன்கொடையாளர் பையைத் திறக்கமாட்டார். வாக்கெடுப்பில் பழைய கல்லூரிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மறு ஆண்டே ஹாப்கின்ஸ் தேசிய வெற்றியாளர்!

எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை. 2020இல் கோவிட் நெருக்கடியில் ஃபர்மன் பல்கலைக்கழகம் ஆண்கள் அணியையே கலைத்தது.

2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு 12.6 வரம்பை நீக்கியது. உடன்பாட்டில் சேரும் கல்லூரி, ஆண்கள் அணியில் 48 பேர் வரை முழுச் சம்பளம் தரலாம். விளையாட்டாளர்களுடன் முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை பகிரவும் வழி பிறந்தது. அதில் பெரும்பங்கு காற்பந்துக்கே போகிறது. லக்ரோஸ் பயிற்றுநர் இன்னமும் பழைய மாணவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்.