கோச் ‘நம்ம அண்ணன்’தான்... அப்புறம் எதுக்கு ரூல்ஸ்? விளையாட்டு கிளப்பில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர் என்றால், கால்பந்து, ஹாக்கி, பாக்சிங் இல்லாத மாலை நேரத்தை நினைத்துப் பார்ப்பதே உங்களுக்குக் கஷ்டம். சுரங்கக் கம்பெனி காலத்தில் வேரூன்றிய பழக்கம் இது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. ஆனால் ஊரின் நாள்முறை மாறிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூரு வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் அப்பாவோ அம்மாவோ ரயிலில் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பொறுப்பு கிளப்பும், அதை நடத்தும் அண்ணன்களும்தான். சொந்தக் காசு போட்டு பந்து வாங்கி, லீவு போட்டு டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப் போகிற அண்ணன்கள். அதனாலேயே ‘இங்க பாதுகாப்பு விதி ஏதாவது இருக்கா?’ என்று கேட்பது அவர்களைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுகிறது. யாரும் கேட்பதில்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடப் போகிறவராக இருக்கலாம். ஜெர்சிக்கு ஜிபே செய்கிறவராக இருக்கலாம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியவந்தால், சட்டம் உங்களையும் பொறுப்பாளியாகவே பார்க்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆண் குழந்தைகள். ‘பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் பாதுகாப்பு வேணும், பசங்களுக்கு என்ன’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

தவறு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர் என்பதும் புதிதல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவராகவே இருக்கிறார்.

விளையாட்டுக்கென்று இருக்கும் கணக்கு மிகச் சிறியது. இந்திய விளையாட்டு ஆணையத்தில் (சாய்) பத்து ஆண்டுகளில் 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள் பதிவானதாகவும், அதில் 29 பயிற்சியாளர்கள் மீதானவை என்றும் 2020-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. இது அரசு மையங்களின் கணக்கு மட்டும். ராபர்ட்சன்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் ஒரு ஏரியா கிளப் இந்தக் கணக்கில் வராது. புகார் கொடுக்க ஓர் இடமே இல்லாத அமைப்பில் புகார் எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்கும். அந்தப் பூஜ்யத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விதி இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

1990 ஆகஸ்ட். ஹரியானாவில் 14 வயது டென்னிஸ் வீராங்கனை ருசிகா கிர்ஹோத்ராவிடம், மாநில டென்னிஸ் சங்கத் தலைவரும் மூத்த போலீஸ் அதிகாரியுமான எஸ்.பி.எஸ். ராத்தோர் தவறாக நடந்துகொண்டார். புகார் கொடுத்த பிறகு ருசிகா பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1993-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எஃப்.ஐ.ஆர். பதிவானது 1999-ல், தண்டனை அறிவிக்கப்பட்டது 2009-ல். சங்கத்தின் தலைவர் மீதே புகார் என்றால் அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை.

2023-ல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது. மல்யுத்த சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் மேரி கோம் தலைமையிலான மேற்பார்வைக் குழு, அந்தச் சம்மேளனத்தில் முறையாக அமைக்கப்பட்ட உள்ளகப் புகார் குழுவே இல்லை என்று கண்டறிந்தது. நாட்டின் 30 தேசிய விளையாட்டு சம்மேளனங்களில் 15-ல் இந்தக் குழு சட்டப்படி இல்லை என்ற செய்தியின் பேரில் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

இவை பெரிய இடங்கள். சின்ன கிளப் கதையும் உண்டு. 2024 மார்ச்சில், இந்தியப் பெண்கள் லீகின் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களுக்காக கோவா வந்திருந்த இமாச்சலப் பிரதேச கிளப்பான காட் எஃப்.சி.யின் வீராங்கனைகள், கிளப்பின் உரிமையாளர் இரவில் தங்கள் அறைக்குள் வந்து தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினரும்கூட. போலீஸ் அவரைக் கைது செய்தது. சம்மேளனம் சஸ்பெண்ட் செய்தது. வெளியூர்ப் பயணமும் தங்கும் அறையும்தான் ஆபத்து அதிகமுள்ள இடங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

‘எங்க கிளப் ரெஜிஸ்டரே ஆகலையே, சட்டம் பொருந்துமா?’

பொருந்தும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும், ஆண், பெண் வேறுபாடின்றி, குழந்தை என்கிறது. கிளப் பதிவாகியிருக்கிறதா, கோச் சம்பளம் வாங்குகிறாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• பிரிவு 19: குற்றம் நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ தெரிந்தால், யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது.

• பிரிவு 21: தெரிவிக்காமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

• குழந்தையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருப்பவர் செய்யும் குற்றத்தைச் சட்டம் தீவிரமான வகையில் சேர்க்கிறது. தண்டனை கூடும். கோச் அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

• பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் திரும்பத் திரும்ப மெசேஜ் மூலம் தொடர்புகொள்வதும் குற்றம்தான். தொட்டால்தான் குற்றம் என்றில்லை.

18 வயது தாண்டிய பெண்களுக்கு?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ‘பணியிடம்’ என்ற சொல்லுக்குள் விளையாட்டுப் பயிற்சி மையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கால அவகாசம் 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம்.

2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பெண்களுக்கும் சிறார்களுக்குமான பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை பற்றியும் நடத்தை நெறிகள் பற்றியும் பேசுகிறது. ஆனால் அது தேசிய அமைப்புகளில் தொடங்கி மெல்லத்தான் கீழே இறங்கும். உங்கள் கிளப் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு ஏரியா கிளப்பில் என்னென்ன விதிகள் வேண்டும்?

சுரங்க வேலை பார்த்த குடும்பத்துக்கு இது எளிதாகப் புரியும். எத்தனை பேர் கீழே இறங்கினார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று பதிவேடு வைப்பது, இறங்குகிறவரைச் சந்தேகப்பட்டு அல்ல. கிளப் விதியும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் யாரையும் குறிவைப்பதாக ஆகாது. நல்ல கோச்சுக்கும் அது பாதுகாப்பு.

இரண்டு பேர் பொறுப்பு: புகார் கேட்க இருவரை நியமியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கோச்சோ, அவருடைய உறவினரோ வேண்டாம். இங்கிலாந்தில் சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கால்பந்து கிளப்பிலும் இப்படி ஒரு நலன் அலுவலர் இருப்பது கட்டாயம். அவர்கள் பெயரும் நம்பரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

தனியாக யாரும் இல்லை: ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மூடிய அறையில், வண்டியில், வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. ‘மழை பெய்யுது, நான் டிராப் பண்ணிடுறேன்’ என்றால், இன்னொருவர் கூட வரட்டும், அல்லது பெற்றோருக்கு முதலில் போன் போகட்டும்.

மொபைல்: பயிற்சி நேரம், டீம் லிஸ்ட் எல்லாம் பெற்றோர் இருக்கும் குரூப்பில் மட்டும். பிள்ளைகளுக்குத் தனி மெசேஜ் கூடாது. 2025-ல் பெங்களூருவில் 16 வயது மாணவியின் புகாரில் பேட்மின்டன் பயிற்சியாளர் ஒருவர் கைதானார். அந்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது வீட்டிலிருந்த பாட்டி. பயிற்சி மையம் அல்ல.

தொடுதல்: பாக்சிங்கில் ஸ்டான்ஸ் திருத்துவதற்கும், கபடியில் பிடி சொல்லிக்கொடுப்பதற்கும் தொட வேண்டியிருக்கும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, சரியா என்று கேட்டு, எல்லார் முன்னாலும் செய்ய வேண்டும். மசாஜ், காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றில் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும்.

பயணம்: பெண் பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் கட்டாயம். பெண் வீராங்கனைகள் உள்ள அணியோடு பெண் பயிற்சியாளர் போக வேண்டும் என்று தேசிய சம்மேளனங்களுக்கு சாய் 2022-லேயே சொல்லிவிட்டது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே அறையில் தங்கக் கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

வாய்: அடிப்பது, உடம்பையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்வது, கெட்ட வார்த்தை இவை ‘டிசிப்ளின்’ ஆகாது. பட்டியல் சமூகத்தவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டம் பாயும்.

புது கோச்: முன்பு பயிற்சி கொடுத்த இரண்டு இடங்களிலாவது விசாரியுங்கள். கர்நாடகாவில் சேவா சிந்து தளம் வழியாக போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 முதல் இருக்கிறது. ஆனால் அதை விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், இந்த விசாரிப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால்?

நிதானமாகக் கேளுங்கள். ‘நீ ஏன் போன?’, ‘உண்மையாவா?’ போன்ற கேள்விகள் வேண்டாம். ‘சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல’ என்ற இரண்டு வார்த்தை போதும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பிறகு 1098 குழந்தைகள் உதவி எண், அல்லது 112. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்க எல்லை இல்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. தங்கவயலுக்குத் தனி எஸ்.பி. அலுவலகமே இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் போலீஸ் பதிவு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும்.

செய்யக் கூடாதவை மூன்று. குற்றம்சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய்க் கேட்காதீர்கள், ஆதாரம் அழிந்துபோகலாம். கமிட்டி கூடிப் பஞ்சாயத்து பேசி ‘கிளப் பேரு கெட்டுடும்’ என்று முடித்துவைக்காதீர்கள். அது பிரிவு 21-ல் கொண்டுபோய் விடும். குழந்தையின் பெயர், படம், பள்ளி என எதையும் வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள்.

‘பொய்ப் புகாரா இருந்தா அண்ணன் வாழ்க்கை போயிடுமே?’

நியாயமான கேள்வி. கெட்ட எண்ணத்தோடு பெரியவர் ஒருவர் பொய்ப் புகார் கொடுத்தால் போக்சோ பிரிவு 22-ன் கீழ் தண்டனை உண்டு. குழந்தைக்கு அந்தத் தண்டனை இல்லை. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது போலீஸ் மற்றும் நீதிமன்றத்தின் வேலை. கிளப்பின் வேலை இரண்டுதான்: தகவலைத் தெரிவிப்பது, விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது. விலக்கி வைப்பது தீர்ப்பு இல்லை. ‘புகார் வந்தால் யாராக இருந்தாலும் விலகி நிற்க வேண்டும்’ என்று முன்பே எழுதி, அண்ணனும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றைக்கு அது அவமானமாகவும் தெரியாது.

எங்கிருந்து தொடங்குவது?

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு பக்கத் தாள் போதும். மேலே சொன்ன விதிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மேட்சுக்கு முன்னால் பத்து நிமிடம் எடுத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சீனியர் பிளேயர், கோச், கமிட்டி, ஸ்பான்சர் என எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். பொறுப்பாளர்கள் இருவரின் நம்பரோடு 1098-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி, பந்து வைக்கும் ரூம் கதவில் ஒட்டுங்கள். பிள்ளைகள் தினமும் பார்க்கும் கதவு அதுதான்.