வள்ளங்கள் போன இடம்

முல்லைத்தீவில் சுனாமி நினைவுநாள் நிகழ்வொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தபோது முதிய கடற்றொழிலாளி ஒருவர் கேட்டார்: "எங்கட வள்ளங்கள் எல்லாம் எங்க போய்ச் சேர்ந்திருக்கும் தம்பி?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடப்போய்த்தான் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்ல்டனின் ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கினேன்.

2011 மார்ச் சுனாமி யப்பானின் மிசாவாவிலிருந்து பிடுங்கிச் சென்ற, சுமார் 20 மீற்றர் நீளமான மிதக்கும் இறங்குதுறை ஒன்று 15 மாதங்களின் பின் அமெரிக்காவின் ஒரிகன் கரையில் ஒதுங்கியது. யப்பானியக் கரையோர உயிரினங்கள் அதில் உயிரோடு ஒட்டியிருந்தன. அடுத்துவந்த ஆண்டுகளில் ஒதுங்கிய படகுகளிலும் பிளாஸ்ரிக் பொருட்களிலும் கார்ல்டன் குழுவினர் 289 இனங்களைக் கண்டனர். மரம் கடலில் உக்கிவிடும், பைபரும் பிளாஸ்ரிக்கும் உக்காமல் மிதக்கும் என்பது அவர்களது விளக்கம். எங்கள் கரைகளில் நிற்பவையும் பைபர் வள்ளங்கள்தான்.

ஆனால் கார்ல்டன் அதிகம் அறியப்படுவது கப்பல்களுக்காக. சரக்கில்லாத கப்பல் தளம்பாமல் ஓட, ஒரு துறைமுகத்தில் கடல்நீரைத் தாங்கிகளில் ஏற்றி, மறு துறைமுகத்தில் சரக்கேற்றும்போது வெளியேற்றும். நீரோடு குடம்பிகளும் முட்டைகளும் பாசிகளும் போகும். யப்பானிலிருந்து ஒரிகனின் கூஸ் குடாவுக்கு வந்த 159 கப்பல்களின் நீரில் 367 வகை உயிரினங்கள் இருந்ததை, ஜொனதன் கெல்லருடன் சேர்ந்து 1993இல் வெளியிட்டார். மிஸ்ரிக் நகரில், கடலியலோடு கடற்கொள்கையும் வரலாறும் இலக்கியமும் படிப்பிக்கும் வில்லியம்ஸ் கல்லூரித் திட்டத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர் அவர். அமெரிக்கக் காங்கிரஸ் குழுக்கள் முன் சாட்சியமும் அளித்தார். கப்பல் நீருக்கான சர்வதேச சமவாயம் 2004இல் நிறைவேறி, 2017 செப்ரெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆய்வு வெளியாகி அப்போது 24 ஆண்டுகள்.

1996இல் அவர் இன்னொன்றை வலியுறுத்தினார். ஓரிடத்துக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்று உறுதியாகச் சொல்லமுடியாத இனங்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். பழைய பதிவு இல்லையென்பதற்காக 'எப்போதும் இங்கேதான் இருந்தது' என்று எழுதிவிடக்கூடாது. (வந்தேறி என்ற சொல்லைச் சிப்பிக்குப் பாவிக்கவும் எனக்குக் கை கூசுகிறது. இந்த நாட்டில் அதை யாருக்கெல்லாம் சொன்னார்கள்!)

இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. தமிழ்நாட்டின் எண்ணூரில், அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளுக்குரிய ஒரு சிப்பி ஆற்றுப்படுகையை மூடி இறால் பிடிப்போரின் தொழிலைக் கெடுத்திருக்கிறது. அங்குள்ளவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். கப்பல் நீரோடு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. எங்களுக்கும் திருகோணமலை இருக்கிறது, காங்கேசன்துறை இருக்கிறது. போர்க்காலத்தில் எங்கள் கரைகள் பலவற்றுக்கு மீனவரே போகமுடியாதிருந்தது. ஆய்வாளர் எங்கே போவது?

ஐயாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்தமுறை போகும்போது, அந்தக் காலத்தில் வலையில் ஏறியவை எவை, இப்போது புதிதாக ஏறுபவை எவை என்று அவரிடம் கேட்டு எழுதவேண்டும்.