எலுமிச்சைத் தோல் துருவல்

எலுமிச்சையின் மஞ்சள் மேல்தோலை மட்டும் நுண்ணியதாகத் துருவியோ மெல்லிய இழைகளாகச் சீவியோ எடுக்கும் வாசனைப் பொருள் எலுமிச்சைத் தோல் துருவல். கேக் செய்பவர்கள் இதை லெமன் ஜெஸ்ட் என்பார்கள். சாறு தருவது புளிப்பு. எலுமிச்சைக்கே உரிய மணத்தைத் தருவது தோல். சாற்றைப் பிழிந்ததும் தோலை எறிந்துவிடும் பழக்கத்தால் பழத்தின் மிகச் சிறந்த பகுதி வீணாகிறது.

தோலின் அமைப்பு

பழத்தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளியே மஞ்சள் அடுக்கு. அதன் அடியில் பஞ்சு போன்ற வெள்ளை அடுக்கு. மஞ்சள் அடுக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே எண்ணெய்ப் பைகள் நிறைந்திருக்கும். அந்த எண்ணெயில் மிகுதியாக இருப்பது லிமோனீன். ஆனாலும் எலுமிச்சை என்று மூக்குக்கு அடையாளம் காட்டுவது, சில விழுக்காடே உள்ள சிட்ரால்தான். வெள்ளை அடுக்கில் மணமில்லை, கசப்பு உண்டு. ஆகவே வெள்ளை கலந்தால் அது நல்ல துருவல் அல்ல.

இனமும் வகைப்பாடும்

மேலைநாட்டுச் சமையல் குறிப்புகள் கூறும் லெமன், கசப்பு ஆரஞ்சும் சிட்ரனும் கலந்து பிறந்த கலப்பினம். கசப்பு ஆரஞ்சோ பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் சேர்ந்தது. மரபணு ஆய்வுகள் இந்த வம்சாவளியை உறுதிசெய்துள்ளன. தமிழ்நாட்டுச் சந்தையில் எலுமிச்சை என்று விற்கப்படும் சிறிய உருண்டைப் பழம் வேறு கலப்பினம். ஆங்கிலத்தில் அது லைம் வகையைச் சேர்ந்தது. அதன் தோல் மிக மெல்லியது. லேசாக அழுத்தித் துருவினாலே வெள்ளைப் பகுதி வந்துவிடும். மணமும் சற்று வேறு. துருவலுக்கு ஏற்றது தடித்த தோலுள்ள மஞ்சள் லெமனே.

வரலாறு

மத்தியதரைக் கடல் நாடுகளை முதலில் எட்டிய சிட்ரஸ் பழம் சிட்ரன். சாறு சொற்பம், தோல் தடிப்பு. அதன் மதிப்பெல்லாம் மணத்தில் இருந்தது. எருசலேமுக்கு அருகே ராமாத் ராகேலில், பாரசீக ஆட்சிக்கால அரண்மனைத் தோட்டத்தின் சுவர்ப்பூச்சில் சிட்ரன் மகரந்தம் கிடைத்துள்ளது, காலம் கி.மு. 5-4ஆம் நூற்றாண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் இப்பழத்தை மீடியா நாட்டு ஆப்பிள் என்று விவரித்தார். இதை உண்பதில்லை என்றும், வாசனை மிக்கது என்றும், துணிகளுக்கிடையே வைத்தால் பூச்சி அரிக்காது என்றும் எழுதினார்.

லெமன் வந்தது பிறகுதான். வடகிழக்கு இந்தியாவையும் வட மியான்மரையும் ஒட்டிய மலையடிவாரத்தில் தோன்றிய அப்பழத்தின் எச்சங்கள், ரோமாபுரியின் பொதுச் சதுக்கத்தில் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய மண்ணடுக்கில் கிடைத்துள்ளன. அன்று அது செல்வர்களின் அரும்பொருள். அதைத் தோப்புப் பயிராக்கி மத்தியதரைக் கடலோரம் முழுவதும் பரப்பியவர்கள் அரேபியர்கள். சுல்தான் சலாவுதீனின் மருத்துவர் இப்னு ஜுமய் 12ஆம் நூற்றாண்டில் எலுமிச்சைக்கென்றே தனி நூல் எழுதினார். உப்பில் ஊறவைக்கும் முறையும் அதில் உண்டு. மொராக்கோ சமையலில் இன்றும் இப்படி ஊறிய எலுமிச்சையின் சதையை ஒதுக்கிவிட்டுத் தோலையே நறுக்கிச் சேர்க்கிறார்கள். 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் சிட்ரஸ் விதைகள் கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

நுண்துருவி வருவதற்கு முன்பு ஐரோப்பியச் சமையற்கட்டில் சர்க்கரையே துருவியாக இருந்தது. அன்று சர்க்கரை கூம்பு வடிவக் கெட்டிக் கட்டியாக விற்பனையானது. அதன் சொரசொரப்பான பரப்பில் பழத்தை உருட்டித் தேய்த்தால் எண்ணெய்ப் பைகள் உடைந்து எண்ணெய் முழுவதையும் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மஞ்சளேறிய பகுதியைச் சுரண்டிப் பானங்களிலும் மாவுப் பண்டங்களிலும் போடுவார்கள். சிசிலித் தீவில் எலுமிச்சை எண்ணெய் எடுத்த தொழிலாளர்கள், உரித்த தோலைக் கடற்பஞ்சின் மீது கையால் அழுத்தி, எண்ணெயில் ஊறிய பஞ்சைப் பிழிந்தார்கள். இயந்திரங்கள் வரும் வரை இந்தக் கடும் கைவேலைதான் அந்தத் தொழிலைத் தாங்கியது.

எடுக்கும் முறை

பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி மெழுகை நீக்கித் துடைக்க வேண்டும். துருவிய பிறகே நறுக்கிச் சாறு பிழிய வேண்டும்; பிழிந்த தோலைத் துருவ முடியாது. ஓரிடத்தில் ஒருமுறை இழுத்ததும் பழத்தைத் திருப்ப வேண்டும். நடுத்தரப் பழத்திலிருந்து சுமார் ஒரு மேசைக்கரண்டி துருவல் கிடைக்கும். எண்ணெய் காற்றில் விரைவாகப் பறந்துவிடுவதால், சேர்க்கும் பாத்திரத்தின் மேலேயே துருவுவது நல்லது. மீந்ததை உறைபெட்டியில் வைக்கலாம். உலர்த்திய துருவல் புதியதற்கு ஈடாகாது.

இப்போது பரவியுள்ள நுண்துருவி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மரம் இழைக்கும் அரமாக உருவானது. 1994இல் கனடாவின் ஒட்டாவாவில் ஒரு பெண்மணி அதில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் பார்த்ததிலிருந்து அது சமையற்கட்டுக்குள் வந்தது.

சமையலில்

எண்ணெய் கொழுப்பில் கரையும். எனவே வெண்ணெய், பாலாடை, முட்டை சேரும் பண்டங்களில் மணம் நன்றாகப் பரவும். கேக்குக்குச் சர்க்கரையோடு விரலால் பிசைந்து சேர்க்க வேண்டும். கொதிக்கும் குழம்பு வகைகளுக்கு இறக்கியபின் தூவுவதே முறை. மிலான் நகரின் ஒஸ்ஸோபூக்கோ என்னும் கன்றிறைச்சி உணவின் மீது, துருவலும் பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்து நறுக்கிய கிரெமொலாட்டா தூவப்படும். ஸ்பெயினில் தோல் சீவலையும் பட்டையையும் பாலில் போட்டு அரிசிப் பாயசம் காய்ச்சுகிறார்கள். தென் இத்தாலியின் லிமொன்செல்லோ மது, தோலைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்யப்படுவது. தாய்லாந்தில் பச்சைக் குழம்பின் மசாலாவுக்கு மக்ரூட் எலுமிச்சையின் மேல்தோலை அரைக்கிறார்கள். தமிழகத்தில் உப்பு நார்த்தங்காய் தோலோடுதான் ஊறுகிறது; துருவிச் சேர்க்கும் வழக்கம் இல்லை.

இன்றைய நிலை

சொரெண்டோ எலுமிச்சை 2000லும் அமால்ஃபிக் கரை எலுமிச்சை 2001லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றன. கடைப் பழங்கள் பலவற்றில் மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசப்படுவதால், துருவலுக்கு இவை பூசாத பழத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.