குருந்தக் கல்லும் தொழிலாளியின் மூச்சும்

கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் இடைப்பட்ட வயல்வெளிகளில் அறுவடை முடிந்ததும் அரிசி ஆலைகளின் இரைச்சல் எழுகின்றது. அவ்வாலைகள் பலவற்றில் அரிசியின் தவிட்டைத் தீட்டி நீக்குவது எமரிக்கல் உருளை. எமரிக்குக் கடினம் தருவது குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினமுடைய இக்கனியத்தை உலக விஞ்ஞானம் 'கொரண்டம்' என்று அழைக்கின்றது. அப்பெயர் நம் தமிழிலிருந்து சென்றது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

தென்னாட்டுச் சாணைக்காரரும் மணி தீட்டுவோரும் நெடுங்காலம் கையாண்ட கல் இது. நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டியில் இதன் படிவுகள் உள்ளன. 1798இல் சாள்ஸ் கிறெவில் என்னும் ஆங்கிலேயர் இதனை ஐரோப்பிய அறிஞருக்கு விரிவாக அறிமுகஞ் செய்தார். மாணிக்கமும் நீலமும் குருந்தமே. குரோமியம் சிறிது கலந்தால் செம்மை, இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இந்நாட்டு மாணிக்கங்களை வியந்து எழுதினார். மணியை அணிந்தோரின் புகழை வரலாறு பாடிற்று. மணியைத் தீட்டியவனின் மூச்சு எப்படியிருந்தது என்று அது கேட்கவில்லை.

கேட்டவர்கள் சிலரே. 1556இல் வெளிவந்த தமது சுரங்க நூலில் அகிரிகோலா, கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவரை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருந்ததைக் குறித்தார். கணவர்களைக் கொன்றது கற்றூசு. படிகக்கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்காவின் நுண்துகள், ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் சிறியதாகிச் சுவாசப்பையின் ஆழத்திற் படிந்து, அதனைத் தழும்பாக்கிவிடுகின்றது. அந்நோய்க்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. காசநோயும் அதனைத் தொடர்ந்து வரும்.

இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து முட்கரண்டி தீட்டுவோர் மணற்கற் சக்கரத்தில் உலர்வாகவே தீட்டினர். அவர்கள் முப்பத்தைந்து வயதைத் தாண்டுவது அரிது என்று 1845இல் எங்கெல்சு எழுதினார். தூசைத் தடுக்கும் கருவி அன்றே இருந்தது. ஆனால் தொழிலாளர் சிலர் அதனை உடைத்தெறிந்தனர்! தொழிலில் ஆபத்து நீங்கினால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினர். இதனை அறியாமை என்று சிரிப்பது எளிது. உயிரையும் கூலியையும் எதிரெதிரே நிறுத்திய அமைப்பன்றோ அவர்களை அவ்வாறு நினைக்கச் செய்தது?

பின்னர் மணற்கற் சக்கரத்தின் இடத்தைக் குருந்தமும், 1891இல் அச்செசன் ஆக்கிய 'கார்போரண்டமும்' பிடித்தன. இவற்றிற் சிலிக்கா இல்லை. ஆகவே தீட்டுவோரிடையே அந்நோய் பெரிதும் குறைந்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய கல் அயல்நாட்டுத் தொழிலாளியைக் காத்தது எனலாம். எனினும், சக்கரம் மாறினாலும் அது அறுக்கும் கல் மாறவில்லை. 1930-31இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், ஹோக்சு நெசுட் குகைவழியைத் தோண்டியவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். துளையிடுகையில் நீர் தெளித்திருந்தால் தூசு அடங்கியிருக்கும். வேலை தாமதமாகும் என்று அது செய்யப்படவில்லை. மாண்டவர் 476 பேர் என 1936இல் நாடாளுமன்ற விசாரணையிற் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வொன்று 764 என மதிப்பிட்டது.

மணலை வீசி உலோகம் துடைக்கும் முறையை 1949இல் பிரித்தானியா தன் தொழிற்சாலைகளில் தடைசெய்தது. ஆயினும் நீலக் காற்சட்டைக்குப் பழமையின் தோற்றம் தருவதற்காகத் துருக்கியில் அதே மணலை வீசிய இளைஞர் பலர் இறந்தனர். அங்குத் தடை வந்தது 2009இல். செயற்கைக் கற்பலகையை அவுசுதிரேலியா தடைசெய்தது 2024இல். ஒரே பாடத்தை ஒவ்வொரு நாடும் புதுப் பிணங்களைக் கொண்டு கற்கின்றது!

நம் ஊர்களிலும் தரைக்கல் அறுக்கும் ஓசை கேட்கின்றது. வளைகுடா நாடுகளில் அதே தொழிலைச் செய்யும் இளைஞர் நம் மாணவரின் தமையன்மாரே. முகத்தில் அவர்கள் கட்டும் கைக்குட்டை நுண்தூசைத் தடுக்காது. வேண்டுவன சில: அறுக்குமிடத்தில் நீர் விழவேண்டும், தூசை உறிஞ்சும் கருவியும் முறையான மூச்சுக்கவசமும் வேண்டும், தூசு படிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுசென்று உதறலாகாது. சாணைச் சக்கரத்தைப் பொருத்துமுன் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென ஒலியாதது வெடிப்புடையது. விதித்த வேகத்தை மீறிச் சுழற்றினால் அது சிதறிக் கொல்லும். காப்புறையைக் கழற்றவே கூடாது.

இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் வீட்டு முற்றத்திற் கல்லறுக்கும் நாட்கூலியைச் சட்டத்தின் கண் எளிதிற் காண்பதில்லை. அவனுக்காகக் கேட்பவர் வேண்டும். குருந்தம் தமிழ்ச்சொல் என்று வகுப்பிற் சொல்லிப் பெருமைப்படும் நாம், அக்கல் சுழலும் இடத்தில் நிற்பவனின் மூச்சைப் பற்றியும் அதே வகுப்பிற் பேசுவோமாக.