எச்.ஐ.வி.க்கு உடனடிச் சிகிச்சையும் கடும் பாக்டீரியாத் தொற்றுகளும்

எச்.ஐ.வி. தொற்றுடையோரை மருத்துவமனையில் படுக்க வைக்கும் நோய்களில் பாக்டீரியா நோய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியா, காசநோய், இரத்தத்தில் பரவும் சால்மொனெல்லா தொற்று ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. எய்ட்ஸ் நிலை வரும்வரை இவை காத்திருப்பதில்லை.

தொற்றிய சில வாரங்களிலேயே குடல் சுவரிலுள்ள, நோயெதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 அணுக்கள் பெருமளவில் அழிகின்றன. குடல் பாக்டீரியாக்களின் கூறுகள் இரத்தத்தில் கசியத் தொடங்குகின்றன. எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி அணுக்களும் சீர்குலைகின்றன. இரத்தப் பரிசோதனையில் சிடி4 எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் இந்தச் சேதம் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனாலும் நெடுங்காலம் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே சிகிச்சை தொடங்கப்பட்டது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 350 அணுக்களுக்குக் குறைந்தால் மருந்து என்றது உலக சுகாதார நிறுவனம் (2010). 2013இல் அந்த வரம்பை 500 ஆக்கியது.

இந்தக் காத்திருப்பு சரியா என்பதை 2009இல் தொடங்கிய 'ஸ்டார்ட்' ஆய்வு நேரடியாகச் சோதித்தது. 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேர் பங்கேற்றனர். அனைவருக்கும் சிடி4 எண்ணிக்கை 500க்கு மேல். ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து. மற்றவர்களுக்கு 350 ஆகக் குறையும்வரை, அல்லது எய்ட்ஸ் தொடர்பான நோய் வரும்வரை காத்திருப்பு. கடும் நோயோ மரணமோ நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 42 பேர், இரண்டாவதில் 96 பேர். வித்தியாசம் தெளிவாகிவிட்டதால், 2015 மே மாதம் அனைவருக்கும் மருந்து தரப்பட்டது.

இதே ஆய்வின் பாக்டீரியாத் தொற்று பற்றிய முடிவுகள் 2017இல் 'லான்செட் எச்.ஐ.வி.' இதழில் வெளியாயின. உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் தொற்றின் ஆபத்து ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவு. சிடி4 உயர்வு இதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கியது. எனவே எண்ணிக்கையை மட்டும் நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு மருத்துவ நியாயம் எதுவும் மிஞ்சவில்லை. காசநோய் மிகுந்த ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் நடந்த 'டெம்ப்ரானோ' ஆய்வும் உடனடிச் சிகிச்சையின் பக்கமே நின்றது. காசநோய்த் தடுப்புக்கான ஐசோனியசிட் மாத்திரைக்கும் தனிப் பலன் உண்டு என்று அது காட்டியது.

எண்ணிக்கை எதுவானாலும் அனைவருக்கும் சிகிச்சை என 2015 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2017இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆனாலும் தொற்று இருப்பதே தெரியாமல், சிடி4 200க்குக் கீழே சரிந்த பிறகு எச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையத்துக்கு வருவோர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்துகளோடு தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தரப்படுகிறது. காசநோய் உள்ளதா என்றும் பரிசோதிக்கப்படுகிறது.